தாய்மாமன் கொண்டுவந்த பெட்டி

என் தம்பியைக் கட்டிப்பிடிப்பதென்றால் இடது பக்கமாகத்தான் பிடிக்க வேண்டும். முதல் முறை அமெரிக்காவுக்கு, ஒஹையோவில் இருக்கிற அவன் வீட்டுக்குப் போனபோது இது எனக்குத் தெரியாது. கனடாவின் ஸ்காபரோவில் இருந்து காருக்குள்ளேயே இருந்து கால் வீங்கிப்போய் இறங்கிய நான், அவனை வாசலில் இழுத்து அணைத்தேன். என் விலாவில் ஏதோ இடித்தது. போன் என்று நினைத்தேன். ஆனால் போன் இப்படிக் கனக்காது. கையை வைத்துப் பார்த்தேன். அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

"அக்கா, உதில கை வையாதை."

"என்னடா அது?"

"ஒரு சாமான்."

"துவக்கு மச்சாள்," என்றாள் பின்னால் நின்ற அவன் மனைவி. "படுக்கேக்க மட்டுந்தான் கழட்டுவார். கலியாணம் கட்டினதுக்கு நானும் இடப் பக்கம் மட்டுந்தான் கண்டது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு முழுக்க அவன் சட்டைக்குள் இருந்த அந்தக் கைத்துப்பாக்கிப் பக்கமே என் கண் போனது.

நான் பயந்த பிறவி. அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்க பஸ் தரிப்பிடத்தில் இருந்து வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறேன். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன், பிறகு தள்ளிப் பார்ப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. ஊரில் யுத்த காலத்தில் துவக்குச் சத்தம் கேட்டு ஓடியவர்கள்தான் நாங்கள். ஓடின இடத்தில் பள்ளிக்கூடம் இருக்கவில்லை. அதனால் படித்தவர்கள் மாதிரி ஒரு பயத்துக்குப் பெயர் வைத்து ஒதுக்கி வைக்க எனக்குத் தெரியாது. பயம் வந்தால் அது என்னோடேயே சமைக்கும், என்னோடேயே வேலைக்கு வரும். ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கேயும் ஒவ்வொரு உடுப்பின் பொக்கற்றையும் இரண்டு தரம் தடவிப் பார்த்துத்தான் மெசினுக்குள் போடுவேன்.

தம்பிக்கு அங்கே ஒரு பெற்றோல் நிலையமும் அதோடு சேர்ந்த சின்னக் கடையும். ஊர் சின்னது, தெரு நீளமானது, கடைக்கு இரண்டு பக்கமும் சோள வயல். ஒரு நாள் ஒருவன் வந்து அவன் நெற்றியில் துவக்கை வைத்துக் கல்லாவில் இருந்ததை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகுதான் தம்பி சுடப் பழக்குகிற வகுப்புக்குப் போய், பதிந்து, இடுப்பில் வைக்கத் தொடங்கினான். அந்தப் பக்கம் அது பெரிய விசயமில்லையாம். பல்லு வைத்தியரும் வைத்திருக்கிறாராம், தேவாலயத்தில் பாட்டுப் படிக்கிற கிழவியும் வைத்திருக்கிறாளாம். சட்டைக்குள் இருந்தால் யாரும் கேட்பதில்லை.

அந்த முறை நான் அங்கே நின்ற நாட்களில் அவன் காலையில் வெளிக்கிடுவதைப் பார்த்திருக்கிறேன். குளிப்பான், திருநீறு பூசுவான், பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியை எடுப்பான். அதே துணியால் முதலில் தன் கண்ணாடியைத் துடைப்பான், பிறகு துவக்கின் கண்ணாடியை.

துவக்குக்குக் கண்ணாடி இருக்கும் என்று எனக்கு யார் சொன்னது? நான் கண்ட துவக்குகள் எல்லாம் தோளில் தொங்கியவை. இது குட்டை மூக்கு றிவோல்வர், ரவை போடுகிற உருளை நடுவில் பருத்து நிற்கிறது. அதன் முதுகில் ஒரு தபால் முத்திரை அளவுக்கு நிமிர்ந்த ஒரு கண்ணாடித் துண்டு.

"முதல் பிஸ்டல் வச்சிருந்தனான்," என்று விளக்கினான். "அது சிக்கும். இது சிக்காது. அமத்தினாச் சுடும். ஒரு ரவை பிழைச்சாத் திரும்ப அமத்து, அடுத்தது வரும். பயத்தில கை நடுங்கேக்க மூளை வேலை செய்யாது அக்கா, இதுக்கு மூளை தேவையில்லை."

"அப்ப உனக்குச் சரியான சாமான்தான்."

"நக்கலடியாதை. என்ர பிரச்சினை கண். சீனி வருத்தம் வந்தாப் பிறகு கிட்டக் கிடக்கிறது மங்குது. முன்னுக்கிருக்கிற குறி தெரியுதில்லை. இப்ப வாற றிவோல்வரெல்லாம் மேல்பக்கத்தைத் தட்டையா வெட்டி, கண்ணாடி பூட்டுறதுக்கு ஆயத்தமா வருது. உள்ளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி எங்க நிக்குதோ அங்கதான் ரவை போகும்."

ரவைகளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பின்னால் நிற்கச் சொல்லிச் சுவரை நோக்கிப் பிடித்தான். அசைந்தால் புள்ளி தானே எரியுமாம், அசையாமல் கிடந்தால் தானே நூருமாம். நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்கு நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அது சுவரில் தொங்கிய நாட்காட்டி முருகனின் வயிற்றில் நின்றது.

"ஐயோ, சாமியைக் காட்டாதை!"

"சொறி, சொறி," என்று முருகனிடமே சொல்லிவிட்டுக் கையைக் கீழே இறக்கினான். புள்ளி ஆடி மாதத்தில் போய் நின்றது.

கண்ணாடி பூட்டினதால் சாமான் பருத்துவிட்டது, அவன் சட்டைகளும் ஒரு அளவு பெருத்துவிட்டன. பனியனின் பஞ்சு கண்ணாடியில் ஒட்டுகிறதாம், அதனால்தான் நாள்தோறும் துடைப்பு. அவன் மனைவிக்கு, அதுதான் என் மச்சாளுக்கு, கவலை வேறு. "நல்ல சேட் ஒண்டு போட்டு ஒரு கலியாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலாது மச்சாள். எல்லாம் கூடாரம் மாதிரி."

இதெல்லாம் மூன்று வருடத்துக்கு முந்திய கதை. போன குளிர்காலம் என் மகள் பெரியபிள்ளையானாள். சாமத்திய வீட்டை, அந்த மஞ்சள் நீராட்டு விழாவை, ஆவணியில் வைக்க ஹோல் எடுத்தோம். மகளுக்கு முதலில் விருப்பமில்லை. பிறகு படம் எடுக்கிறவர் யார் என்று தெரிந்ததும் விருப்பம் வந்தது. ஆனால் என் மனதில் படமோ சாப்பாடோ இல்லை. தாய்மாமன்தான் இருந்தார். முதல் தண்ணீர் மாமன்தான் வார்க்க வேண்டும், தேங்காய் மாமன்தான் உடைக்க வேண்டும், மாமன் கொண்டுவந்த நகை போட்டுத்தான் பிள்ளையை மணவறைக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு இருக்கிறது ஒரே ஒரு தம்பி.

ஒரு மாதமாக ஒவ்வொரு போன் கதையின் கடைசியிலும் நான் ஒன்றையே சொன்னேன்.

"உதைக் கொண்டு வந்திராதை."

"உனக்கென்ன விசரே? உங்க கனடாவில கைத்துவக்கு வாங்கவே விடுறாங்களில்லை. கொண்டு வந்தா உள்ளுக்குப் போடுவாங்கள்."

"கார் லாச்சியைப் பார்."

"பாத்திட்டன்."

"சீற்றுக்குக் கீழ பார்."

"அக்கா, நீ பேசாமல் அந்த போடரில வேலைக்குச் சேர்."

வியாழக்கிழமை பின்னேரம் வந்து இறங்கினான். நான் வேண்டுமென்றே வலது பக்கமாகக் கட்டிப்பிடித்தேன். ஒன்றும் இடிக்கவில்லை. அவன் சட்டையைத் தூக்கி இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். "சந்தோசமே? போடர்ப் பாலத்தில கேட்டவன், ஆயுதம் ஏதும் கிடக்கோ எண்டு. இல்லையெண்டனான். போ எண்டிட்டான்." மச்சாள் வரவில்லை. கடையை யாராவது பார்க்க வேண்டுமே. அவன் குளிக்கப் போனான். எனக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது.

மாமன் கொண்டுவந்த சீர்த் தட்டங்களை எடுத்து வைப்போம் என்று அவன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். பின்பெட்டிக்குள் சேலைத் தட்டங்கள், வளையல் தட்டம், அவற்றுக்கு அடியில் பிடி வைத்த ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டி. அவன் வீட்டு அலுமாரிக்குள் நான் பார்த்த பெட்டிதான், நகை வைக்கிறது. நிலக்கீழ் அறைக்குக் கொண்டுபோய், மேசையில் ஒரு பட்டுத் துணி விரித்து, அதே சாவிக் கொத்தில் கிடந்த சின்னச் சாவியால் திறந்தேன்.

மேலே சிவப்பு வெல்வெற் உறையில் ஆரம். அதன் மேல் அது படுத்திருந்தது. பிடி என் பக்கம், வாய் அந்தப் பக்கம். நான் குனிந்திருந்ததால் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் என் கண் நேராகப் போனது. புள்ளி எரிந்துகொண்டிருந்தது. வெல்வெற்றில், ஆரத்தின் பதக்கம் இருக்கிற இடத்தில். அசைந்தால் எரியும் என்று சொல்லியிருந்தானே. அப்படியென்றால் ஒஹையோவில் இருந்து, பாலத்தைத் தாண்டி, அந்த அதிகாரி "போ" என்று கையைக் காட்டின நேரமும், இந்தப் புள்ளி இருட்டுக்குள் எரிந்துகொண்டே வந்திருக்கிறது. உருளையின் ஓட்டைகளில் பித்தளை தெரிந்தது. ரவையோடு.

நான் கத்தவில்லை. மூடியை மூடினேன். மூடியின் மேல் பட்டுத் துணியைப் போட்டேன். பிறகு அந்தத் துணியின் மேல் என் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தம்பி குளித்து முடித்து வரும்வரைக்கும் நின்றேன்.

அவன் முகம் வெளிறினதை நான் சின்ன வயதில் இரண்டொரு தரம் கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு இப்போதுதான். உருளையைத் திறந்து ரவைகளைக் கொட்டி ஒரு சொக்சுக்குள் போட்டான். பிறகு மச்சாளுக்கு போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"நகையை எடுத்து சூட்கேசுக்கை வை எண்டெல்லோ சொன்னனான்?"

"நான் என்னண்டு தொடுறது? விடியத்தான் எனக்கு வந்தது. முழுகாமல் பிள்ளையின்ர நகையைத் தொட்டு அது பிறகு எங்கையாவது போய் நிண்டா? அதுதான் திறக்காமல் பெட்டியோட தூக்கி வச்சனான். பிடியில மட்டுந்தான் பிடிச்சனான். ஏன், ஆரம் காணேல்லையோ?"

"ஆரம் கிடக்கு. அதோட அதுவும் கிடக்கு."

போனில் கடைக் கல்லாவை அவள் தள்ளி மூடுகிற சத்தம் கேட்டது.

"அது உங்கட இடுப்பிலயெல்லோ இருக்கும்?" என்றாள் மச்சாள், சின்னக் குரலில்.

அங்கேதான் பிழைத்தது. கனடாவுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று விடியவே கழற்றி, யாரும் எடுக்காத இடம் என்று அந்தப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கடைப் பெடியனுக்கு வேலை சொல்லப் போயிருக்கிறான். அவள் தீட்டு என்று திறக்கவில்லை. இரண்டு பேரும் கவனமாக இருந்ததால் வந்த வினை. அவளில் கோபப்படவும் எனக்கு வாய் வரவில்லை. ஒரு பிள்ளைக்கு அது வந்ததைத்தானே ஊரைக் கூட்டிக் கொண்டாடப் போகிறோம்.

வேலையால் வந்த என் கணவர் பெட்டியை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"லேக்குக்கை எறிஞ்சிட்டு வருவம். முடிஞ்சுது."

"அத்தான், அது என்ர பேரில பதிஞ்சது. நாளைக்கு ஆராவது மீன் பிடிக்கேக்க தூண்டில்ல வந்தா?"

"அப்பிடி மீன் பிடிக்கிறவனை நான் இன்னும் இஞ்ச காணேல்லை."

தம்பியின் எண்ணம் வேறு. சனிக்கிழமை தண்ணீர் வார்த்து, விழா முடித்து, ஞாயிறு வந்த வழியே திரும்பிப் போவது. போகும்போது கனடாக்காரன் காரைத் திறப்பதில்லை. அந்தப் பக்கத்தில் அமெரிக்காக்காரனிடம் நடந்ததைச் சொல்லிச் சமாளிப்பது. "ஒரு ரெண்டு மணித்தியால ஓட்டம் அக்கா. ஆரும் மறிக்காட்டிச் சரி."

ஆரும் மறிக்காட்டி. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் அன்றிரவு முழுக்கப் படுத்திருந்தேன். நெடுஞ்சாலையில் பின்னால் ஒருவன் இடித்தால்? வேகத்துக்கு மறித்தால்? அதற்கு முதல் சனிக்கிழமை இருக்கிறதே. விழா நாளில் வீடு வெறுமையாகக் கிடக்கும், அது ஊருக்கே தெரியும், மகள்தான் தேதியையும் ஹோலையும் படத்தோடு போட்டு வைத்திருக்கிறாள். இப்படி ஹோலுக்குப் போன நேரம் வீடு உடைத்த கதை எங்கள் ஆட்களிடையே எத்தனை கேட்டிருக்கிறேன். நகைக்கு என்று உடைக்கிறவன் கையில் இது அகப்பட்டால்?

"வெறும் வீட்டுக்குள்ள உதை வச்சிட்டு என்னண்டு ஹோலுக்குப் போறது?" என்று விடிந்ததும் கேட்டேன்.

"நான் இடுப்பில கொண்டு வாறன்."

"வேட்டியிலயோ?" என்றார் கணவர். "முந்நூறு சனம் வந்து மாமனைக் கட்டிப்பிடிக்கும். முதல் ஆளே இவவின்ர பெரியம்மா."

அந்த நேரத்தில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

மேலே சமையலறையில் அயலட்டை அன்ரிமார் பலகாரம் சுடத் தொடங்கிவிட்டார்கள். நான் கார் நிறுத்துகிற கறாச்சுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தமிழ் லோயருக்கு போன் எடுத்தேன். எங்கள் வீட்டுப் பத்திரம் முடித்தவரின் கந்தோரில் வேலை செய்கிற பெடியன், குற்ற வழக்குப் பார்க்கிறவர். இங்கேயே வளர்ந்தவர்.

"அக்கா, கடைசியா ஆர் தொட்டது?"

"தம்பி. ரவை கழட்டினவர்."

"ஓகே. இனி ஒருத்தரும் தொட வேண்டாம். மூவ் பண்ண வேண்டாம். லேக், கீக் எண்டு ஒருத்தரும் வெளிக்கிட வேண்டாம்."

லேக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"எல்லாரும் அதைத்தான் சொல்லுவினம்," என்றார் அவர். "நான் பொலிசோட கதைச்சு அவையை வரச் சொல்லுறன். வந்து எடுப்பினம். உங்கட பிரதரைக் கொண்டு போகவும் கூடும். சார்ஜ் பண்ணவும் கூடும். இண்டைக்கே விடலாம், நாளைக்கு விடலாம். நான் ப்ரொமிஸ் பண்ண ஏலாது."

"நாளைக்குச் சாமத்திய வீடு தம்பி. மாமன் அவர். ஞாயிற்றுக்கிழமை சொன்னாக் காணாதோ?"

"அக்கா, இண்டைக்குச் சொன்னா அது மறந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை சொன்னா அது வச்சிருந்தது."

நான் கீழே இறங்கிப் போனேன். தம்பி பெட்டிக்கு முன்னால் இருந்தான். லோயர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

"நீ கோல் பண்ணிட்டியே?"

"உன்ர பேர் சொல்லேல்லை. நீதான் சொல்லவேணும்."

"எனக்குப் பிள்ளைக்குத் தண்ணி வாக்கவேணும் அக்கா. அதுக்குத்தானே வந்தனான்."

"தண்ணி வாக்க நீயில்லாட்டி எங்கட பக்கத்தில ஒரு ஒண்டுவிட்ட மாமனைப் பிடிப்பன். பிள்ளை குறைஞ்சு போகமாட்டாள். ஆனா ரோட்டில பிடிபட்டு நீ வருசக்கணக்கா உள்ளுக்குக் கிடந்தா, அந்த வயலுக்கு நடுவில மச்சாளுக்கு ஆர்?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, திரும்பப் போட்டான். "நம்பரைத் தா," என்றான்.

பின்னேரம் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள், ஒருவர் பெண். கதவைத் திறந்தது மகள். இரண்டு கையிலும் மருதாணி, முழங்கையால் திறந்திருக்கிறாள். "அம்மா, வை ஆர் த கொப்ஸ் ஹியர்?" என்று மாடிப்படியில் நின்று கத்தினாள். வீடு முழுக்க எண்ணெய்ப் புகை. அன்ரிமாரிடம், அலங்காரத்துக்குப் போட்ட வாழைமரம் ரோட்டுக்கு வந்துவிட்டது, அதற்குத்தான் யாரோ முறைப்பாடு செய்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அதற்குமேல் பொய் எனக்கு வரவில்லை. ஒரு அன்ரி அரியதரத் தட்டோடு போய் அந்தப் பொலிஸ் பிள்ளையின் முன்னால் நின்றா. "ஈட், ஈட். சுவீற்." அந்தப் பிள்ளை சிரித்து வேண்டாம் என்றது. சிரிக்கும்போதும் அதன் கண் என் தம்பியின் கைகளிலேயே இருந்தது.

கீழே லோயரும் நின்றார். எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. கையுறை போட்டு எடுத்தார்கள். ஆரத்தையும் வளையல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் என் முன்னால் வைத்தார்கள். கண்ணாடியைக் காட்டி அந்த ஆண் பொலிஸ் மற்றவருக்கு ஏதோ சொன்னார், புதுப் போனைப் பார்க்கிற ஆர்வத்தோடு. சாதாரணமாக, சட்டைக்குள் நாள்தோறும் கொண்டு திரிகிறதா என்று தம்பியிடம் கேட்டார்கள். அவன் ஓம் என்றான். "அங்க," என்று சேர்த்துச் சொன்னான். கறாச் வழியாக அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விலங்கு போட்டார்களா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கத்தான் சலவை மெசினின் பக்கம் திரும்பி நின்றேன்.

இரவு போன் வரவில்லை. காலையில் ஐயர் வந்துவிட்டார். குடத்தில் பாலும் அறுகும் போட்டுத் தண்ணீர் நிறைத்தாயிற்று. ஒன்றுவிட்ட மாமன் வேட்டியை இறுக்கிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் லோயரின் கார் வந்து நின்றது. தம்பி முதல்நாள் உடுப்போடு இறங்கினான். யாரிடமும் ஒன்றும் கதைக்கவில்லை. நேரே குளியலறைக்குப் போய், சட்டையோடேயே தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து, என் கணவரின் வேட்டியைக் கட்டி, குடத்தைத் தூக்கினான். மகள் குளிரில் கத்தினாள். "மாமா, இற்ஸ் ஃப்ரீசிங்!" அவன் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு வார்த்தான். தேங்காய் ஒரே அடியில் உடைந்தது. அன்ரிமார் "நல்ல மாமன்" என்றார்கள்.

விழா நடந்தது. படமெல்லாம் வடிவாக வந்திருக்கிறது. அந்தப் படங்களில் அவன் கை இடுப்பின் வலது பக்கம் அடிக்கடி போய் நிற்பதை என்னைத் தவிர யாரும் கவனிப்பதில்லை.

பொலிஸ் கொடுத்த பேப்பரில் அவன் என் வீட்டு முகவரியில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பாஸ்போட்டை வாங்கி வைத்துவிட்டார்கள். லோயர் நம்பிக்கையாகத்தான் சொல்கிறார், தானாகக் கொடுத்தது பெரிய விசயம், அபராதத்தோடு போகலாம் என்று. ஆனால் வழக்கு இரண்டு தரம் தள்ளிப் போய்விட்டது. ஆவணி போய், இலையெல்லாம் கொட்டி, இப்போது முதல் பனியும் பெய்துவிட்டது. தம்பி நிலக்கீழ் அறையிலேயே இருக்கிறான். பெட்டி இருந்த அதே மேசையில்தான் சாப்பிடுகிறான்.

கடைப் பெடியன் வேறு வேலைக்குப் போய்விட்டான். மச்சாள் தனியே நிற்கிறாள். கடையின் கமராவைத் தம்பியின் போனில் பார்க்கலாம், நாலு துண்டாகப் பிரிந்து தெரியும். கல்லா, குளிர்ப்பெட்டி, வாசல், வெளியே பெற்றோல் அடிக்கிற இடம். காலையில் அவள் கடை திறக்கிறதில் இருந்து பூட்டும்வரைக்கும் அவன் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். முதலில் நான் ஏசினேன். பிறகு வேலையால் வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டு நானும் பக்கத்தில் இருக்கத் தொடங்கினேன். சத்தம் வராது, படம் மட்டும். மச்சாள் சில நேரம் கமராவை நிமிர்ந்து பார்த்துக் கையைக் காட்டுவாள்.

"நீயும் ஒண்டு எடு. வகுப்புக்குப் போ," என்று போனில் அவளுக்குச் சொன்னான் ஒருநாள்.

"எனக்கு வேண்டாம். ஒண்டால பட்டது காணும்."

"அப்ப கடையைப் பூட்டு."

"பூட்டிட்டு உங்கட லோயருக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

அவள் சொல்வது சரி. அவன் சொல்வதும் சரி. அவனை உள்ளே போகவிடாமல் காக்கிறேன் என்று நான் செய்ததுதான் அவளை வெளியே தனியே விட்டிருக்கிறது. திரும்பச் செய்யச் சொன்னாலும் அதே லோயருக்குத்தான் போன் எடுப்பேன். ஆனால் அந்த நாலு துண்டுப் படத்தைப் பார்க்கும்போது அதனால் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் நான் கீழே இறங்கிப் போனபோது தம்பி போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வாசலுக்கு முன்னால் ஒரு பழைய வெள்ளைக் கார். தலையை மூடின ஜக்கற் போட்ட ஒருவன் கடைக்குள் குளிர்ப்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான், ஒன்றும் எடுக்காமல். மச்சாள் கல்லாவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் கதவை மூடிவிட்டு, கமராவை ஒருக்கா நிமிர்ந்து பார்த்தான். பிறகு கல்லாவுக்கு வந்தான். ஏதோ கேட்டான். மச்சாள் தலையை ஆட்டினாள். அவன் போகவில்லை.

"போடா," என்றான் தம்பி போனுக்குள். "வெளியில போடா."

அங்கே யாருக்கும் கேட்காது.

மச்சாள் பின்னால் திரும்பி ஒரு சிகரெட் பெட்டியை எடுத்து வைத்தாள். அவன் அதை வாங்கிப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு வாசலால் போனான். நான் கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்தேன். ஆனால் கார் அசையவில்லை. உள்ளே புகை மாதிரி ஏதோ தெரிந்தது. தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரைக்கும் அது அங்கேயே நின்றது. பிறகு மெதுவாகப் பின்னுக்கு எடுத்து, வயல் பக்கம் திரும்பி, படத்தின் ஓரத்தால் போனது.

"போயிட்டான்," என்றேன்.

"ஓம், இண்டைக்குப் போயிட்டான்."

"ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாது," என்றான் தம்பி, போனில் இருந்து கண்ணை எடுக்காமல். "இந்தக் கிழமை முழுக்க வாறான்."